யாருக்காகவும் ஆர்ப்பரிக்காத அணி

1982-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்ட் நகரில் ஒரு சியர்லீடிங் அணி உருவானது. பெயர் க்யூ94 ராக்கர்ஸ். அது பள்ளியின் பெயருமல்ல, கல்லூரியின் பெயருமல்ல. க்யூ94 என்பது உள்ளூர் வானொலி நிலையம் ஒன்றின் பெயர். சியர்லீடர்கள் வழக்கமாகச் செய்கிற அத்தனையையும் இந்த அணியும் செய்தது: துள்ளினார்கள், கரணம் அடித்தார்கள், ஒருவரை ஒருவர் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் உற்சாகப்படுத்துவதற்கு அவர்களுக்கென்று ஒரு கால்பந்து அணியோ கூடைப்பந்து அணியோ கிடையாது. போட்டியில் இறங்குவதற்காகவே சேர்ந்த அணி அது. தங்களை ‘ஆல் ஸ்டார்’ என்று அழைத்துக்கொண்ட முதல் அணியாக இவர்களைத்தான் சொல்கிறார்கள்.

இந்த விலகலிலிருந்து ஒரு தொழிலே கிளைத்தது. இன்று அமெரிக்கப் புறநகர்ப் பகுதிகளில், சரக்குக் கிடங்குகளுக்கும் கார் பட்டறைகளுக்கும் நடுவே, உயரமான தகரக் கூரையோடு நிற்கும் கட்டடங்கள் பலவற்றில் சியர் ஜிம்கள் இயங்குகின்றன. மாலை நான்கு மணிக்குமேல் வாசலில் கார்கள் வரிசைகட்டும். ஐந்து வயதுக் குழந்தையும் பதினெட்டு வயது இளைஞரும் ஒரே தளத்தில் அடுத்தடுத்த மணிநேரங்களில் பயிற்சி எடுப்பார்கள். நமக்குச் சியர்லீடர் என்றால் 2008-ல் ஐபிஎல் எல்லைக்கோட்டருகே ஆடியவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். இவர்கள் வேறு. இவர்கள் ஆடுவது இரண்டரை நிமிடம். எதிரே அமர்ந்திருப்பவர்கள் நடுவர்கள்.

இந்த ஜிம்கள் ஏன் தோன்றின என்று புரியவேண்டுமானால், சியர்லீடிங் என்பது எவ்வளவு காலம் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு’ மட்டுமேயான கௌரவமாக இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் அது ஆண்களின் கௌரவம். 1898 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கால்பந்து ஆட்டத்தில் ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று, எல்லோரையும் ஒரே குரலில் கோஷமிட வைத்தார். ஒழுங்கமைந்த சியர்லீடிங் அன்றுதான் பிறந்தது என்பது வழக்கமான கணக்கு. அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மைதான ஓரத்தில் நின்று குரல் கொடுத்தவர்கள் இளைஞர்களே. ஹார்வர்டில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், வெஸ்ட் பாயிண்டில் ஐசன்ஹோவர், யுரேகா கல்லூரியில் ரீகன் என்று பின்னாளில் வெள்ளை மாளிகைக்குப் போனவர்களின் பட்டியலே உண்டு. மினசோட்டாவில் பெண்கள் சேர்ந்தது 1923-ல். இரண்டாம் உலகப்போருக்கு ஆண்கள் போனபோது அந்த இடத்தைப் பெண்கள் நிரப்பினார்கள். போர் முடிந்த பிறகும் அது அவர்களிடமே இருந்தது.

சியர்லீடிங்கிலிருந்து வருமானம் பார்க்க முடியும் என்று முதலில் கண்டவர் டெக்சஸைச் சேர்ந்த லாரன்ஸ் ஹெர்கிமர். டல்லஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் சியர்லீடராக இருந்தவர். ஒரு காலை நீட்டி மறுகாலை மடக்கித் துள்ளும் ‘ஹெர்கி’ அவர் பெயரால் வந்ததுதான். 1948-ல் ஹன்ட்ஸ்வில் நகரில் அவர் நடத்திய முதல் கோடை முகாமுக்கு 52 பெண்களும் ஒரு பையனும் வந்தார்கள். மறு ஆண்டு சுமார் 350 பேர். அதே 1948-ல் நேஷனல் சியர்லீடர்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பையும் தொடங்கினார்; சுருக்கமாக என்சிஏ. பயிற்சி முகாமோடு சீருடையும் பாம்-பாமும் விற்றார். கைப்பிடி வெளியே தெரியாத பாம்-பாமுக்கு 1971-ல் காப்புரிமையும் பெற்றார். முகாம், உடை, பொருள் மூன்றையும் ஒரே கையில் வைத்துக்கொள்வது என்ற வியாபார முறைக்கு அடித்தளம் போட்டவர் அவர். பின்னால் வந்தவர்கள் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பது இந்தக் கதையின் கசப்பான பகுதி.

முகாமுக்கு வருவதற்கு முதலில் அணியில் இடம் கிடைக்க வேண்டுமே. பள்ளியில் நான்கு பேர், ஆறு பேர், எட்டுப் பேர், அவ்வளவுதான். ஆசிரியர் குழுவோ மாணவர் வாக்கோ தேர்ந்தெடுக்கும். திறமைக்கு அப்பால் அழகு, நிறம், குடும்பம், சாதுவான நடத்தை எல்லாம் அங்கே எடைபோடப்பட்டன. டெக்சஸின் கிரிஸ்டல் சிட்டி இதற்கு மறக்கமுடியாத சாட்சி. அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்களில் பெரும்பான்மையோர் மெக்சிகோ வம்சாவளியினர். ஆனால் சியர்லீடர் குழுவில் அவர்களுக்கு ஓர் இடம்தான் என்பது எழுதப்படாத விதி. 1969-ல் காலியிடம் வந்தபோது, தகுதியான மெக்சிக-அமெரிக்க மாணவி ஒருத்தி அந்த விதியைக் காட்டியே ஒதுக்கப்பட்டாள். மாணவர்கள் மனு எழுதினார்கள், கோரிக்கைப் பட்டியல் நீண்டது, டிசம்பரில் வகுப்புகளைப் புறக்கணித்து வெளியே வந்தார்கள். அடுத்த மாதமே பள்ளி நிர்வாகம் பணிந்தது. 1970 ஏப்ரல் தேர்தலில் ஊரின் பள்ளி வாரியமே கைமாறியது. லா ராசா உனிடா என்ற அரசியல் கட்சி அந்தக் கொந்தளிப்பில்தான் வேர்விட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ‘ஒரு பாவாடைக்கா இவ்வளவு’ என்று தோன்றலாம். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தங்கள் பள்ளியில் தங்களுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி.

1972-ல் ‘டைட்டில் நைன்’ சட்டம் வந்தது. அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால் பாகுபாடு கூடாது என்றது. பெண்களுக்குக் கூடைப்பந்தும் ஓட்டமும் நீச்சலும் திறந்தன. மைதான ஓரத்தில் நின்று பையன்களைப் பாராட்டும் வேலைக்கு இனி யார் வருவார்கள் என்ற நிலையில், சியர்லீடிங் தன்னையே மாற்றிக்கொண்டது. என்சிஏ-வில் ஹெர்கிமரிடம் வேலை பார்த்த ஜெஃப் வெப் 1974-ல் பிரிந்துபோய், மெம்ஃபிஸ் நகரில் யுனிவர்சல் சியர்லீடர்ஸ் அசோசியேஷனைத் தொடங்கினார். உடலை வருத்திச் செய்யும் சாகசங்களுக்கு அவர் முக்கியத்துவம் கொடுத்தார். 1980-களில் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி அந்தப் போட்டிகளைக் காட்டத் தொடங்கியது. பார்த்த பிள்ளைகளுக்கு, ஆட்டம் இல்லாமலே ஆடலாம் என்பது புரிந்தது.

க்யூ94 ராக்கர்ஸ் போன்ற அணிகள் முதலில் பள்ளி அணிகளோடு ஒரே பிரிவில் மோதின. பள்ளிகள் முணுமுணுத்தன. தங்கள் அணி ஒரு வளாகத்துப் பிள்ளைகளைக் கொண்டது. எதிரே நிற்பதோ பல பள்ளிகளிலிருந்து பொறுக்கிய பிள்ளைகள். நியாயமான குறைதான். என்சிஏ 1986-ல் தனிப் பிரிவு வகுத்து, 1987 போட்டிகளில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பிரிவின் பெயர் ‘ஆல் ஸ்டார்’. ஒரு முறையீட்டைத் தீர்க்கப் போட்ட தடுப்புச்சுவர், அதற்கு அந்தப் பக்கம் ஒரு புது உலகமே வளர இடம் கொடுத்தது.

கட்டடங்களும் அப்போது கைக்கு எட்டின. 1977-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பள்ளிகளில் டிராம்பொலின் கூடாது என்று சொல்லியிருந்தது. காப்பீட்டுச் செலவுக்கும் வழக்குகளுக்கும் பயந்த பள்ளிகள் ஜிம்னாஸ்டிக்ஸைக் கைவிட, அது தனியார் கூடங்களுக்குப் போயிற்று. சியர்லீடிங்கும் அதே தடத்தில் நடந்தது. பின்னோக்கிக் கரணம் கற்க விரும்பிய பள்ளி சியர்லீடர்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடங்களில் மணிநேரக் கணக்கில் இடம் பிடித்தார்கள். சில பயிற்சியாளர்கள் ‘இடத்தை நாமே ஏன் எடுக்கக்கூடாது’ என்று யோசித்தார்கள். 1994-ல் டல்லஸ் பகுதியில் தொடங்கிய சியர் அத்லெடிக்ஸ் அப்படி எழுந்த பெயர்களில் பெரியது. பாந்தர்ஸ், சீட்டாஸ், வைல்ட்கேட்ஸ் என்று அதன் அணிகளுக்கெல்லாம் பூனைக் குடும்பத்துப் பெயர்கள். மியாமியில் டாப் கன், ஜார்ஜியாவில் ஸ்டிங்ரே, நியூ ஜெர்சியில் வேர்ல்ட் கப். பள்ளியின் நிறத்தை அணிந்த பிள்ளைகள் இப்போது ஜிம்மின் நிறத்தை அணிந்தார்கள்.

ஜிம் நடத்துபவருக்கு முதல் செலவு தளம். போட்டித் தளத்தின் அளவு 54 அடிக்கு 42 அடி. கம்பளம் ஒட்டிய நுரைப்பாய்கள், ஒவ்வொன்றும் 6 அடி அகலம், ஒன்பது வரிசை. அவற்றின் கீழே பலகை. பலகையின் அடியில் நூற்றுக்கணக்கான சுருள்வில்கள். அதனால்தான் ‘ஸ்பிரிங் ஃபுளோர்’ என்று பெயர். இப்படிப்பட்ட தளம் குதிப்பவரைக் கூடுதலாக எம்பவிடுகிறது. விழுபவரின் முழங்காலையும் காக்கிறது. மேலே ஒரு பெண்ணைத் தூக்கி எறியும் ‘பாஸ்கெட் டாஸ்’ செய்ய உயரமான கூரை வேண்டும். அவ்வளவு உயரமான கூரை கடைவீதியில் கிடைக்காது, கிடங்குகளில்தான் கிடைக்கும். வாடகை மாதம் முழுவதற்கும் ஓடும். பிள்ளைகள் வருவதோ பள்ளி விட்ட பிறகு. இந்தப் பகல்நேர வெறுமையை நிரப்புவதில்தான் உரிமையாளரின் சாமர்த்தியம் எல்லாம் செலவாகிறது. சிறு குழந்தைகளுக்குக் கரண வகுப்பு, வாரக்கடைசியில் பிறந்தநாள் விழா, வெளிப்பள்ளி அணிகளுக்கு வாடகை, தனிப் பயிற்சி. போட்டி அணிகளால் பெயர் வரும். வாடகையைப் பல இடங்களில் கட்டுவது குழந்தைகள் வகுப்புதான்.

ஜிம்மின் ஆண்டு ஏப்ரலில் முடிந்து மே மாதத்தில் பிறக்கிறது. மே மாதம் ‘இவால்யுவேஷன்’ என்ற திறன் மதிப்பீடு. பள்ளியில் நடந்த தேர்வோடு இதை ஒப்பிட்டால் ஜிம் செய்த நல்ல காரியம் விளங்கும். இங்கே பெரும்பாலான இடங்களில் கேள்வி ‘உனக்கு இடம் உண்டா’ என்பதல்ல, ‘உனக்கு எந்த நிலை’ என்பதுதான். திறமைப்படி நிலை 1 முதல் 7 வரை. முன்கரணம் மட்டும் தெரிந்த குழந்தைக்கு நிலை 1. காற்றில் உடலை இரண்டு முறை முறுக்கி இறங்குபவருக்கு மேல்நிலைகள். வயதுவாரியாக டைனி, மினி, யூத், ஜூனியர், சீனியர். குண்டான பிள்ளை, உயரமான பிள்ளை, வெட்கப்படும் பிள்ளை எல்லோருக்கும் ஏதோ ஒரு அணியில் ஒரு வேலை இருக்கிறது. மேலே நிற்பவர் ஃபிளையர். இரு பக்கமும் அவர் கால்களைத் தாங்குபவர்கள் பேஸ். பின்னால் நின்று கணுக்காலைப் பிடித்து, விழுந்தால் தலையையும் கழுத்தையும் ஏந்திக்கொள்பவர் பேக் ஸ்பாட். பார்வையாளர் கண் ஃபிளையர் மேல் இருக்கும். நல்ல பயிற்சியாளரின் கண் பேக் ஸ்பாட் மேல் இருக்கும்.

இந்த நால்வர் கூட்டுதான் ஜிம் நடத்துவதில் எல்லாச் சிக்கலுக்கும் மையம். கிரிக்கெட்டில் ஒருவர் வராவிட்டால் பன்னிரண்டாம் ஆள் வருவார். இங்கே ஒரு பேஸ் காய்ச்சலில் படுத்தால் மற்ற மூவரும் அன்று சும்மா உட்கார வேண்டும். பிரமிடில் அந்தக் கூட்டு ஒரு தூண் என்றால் அணி முழுக்க நின்றுபோகும். ஆகவேதான் ஜிம்கள் வருகைப்பதிவில் அவ்வளவு கண்டிப்பு. குடும்ப விழாவுக்கு விடுப்பு கேட்டால்கூட முகம் சுளிப்பார்கள். இதன் மோசமான பக்கம், வலியை மறைத்துக்கொண்டு ஆடும் பிள்ளை. தான் விலகினால் இருபது பேரின் ஆண்டு வீணாகும் என்று பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். மணிக்கட்டில் டேப் சுற்றிக்கொண்டு ‘ஒன்றுமில்லை கோச்’ என்று சொல்லும் அந்தப் பிள்ளையை உட்காரவைக்கும் துணிவுதான் ஒரு பயிற்சியாளரின் தகுதிக்கு உண்மையான அளவுகோல். கோப்பைகளின் எண்ணிக்கை அதைக் காட்டாது.

ஆபத்து கற்பனையல்ல. சியர்லீடிங் காயங்களுக்காக மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் 1980-ல் சுமார் 5,000 பேர் என்றும், 2007-ல் 26,000-க்கு மேல் என்றும் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டது. வடக்கு கரோலைனா பல்கலைக்கழகத்தில் விளையாட்டுப் பெருங்காயங்களைத் தொகுத்துவந்த ஃபிரெடெரிக் முல்லர், உயர்நிலைப் பள்ளிப் பெண்களின் முதுகுத்தண்டு, மூளைக் காயங்களில் பாதிக்கும் மேல் சியர்லீடிங்கில் நேர்ந்தவை என்று ஆண்டுதோறும் எழுதினார். 1987-ல் பயிற்சியாளர்களுக்கென ஒரு சங்கம் உருவாகிப் பாதுகாப்புக் கையேடும் சான்றிதழும் கொண்டுவந்தது. பள்ளிகளில் பிரமிட் இரண்டு ஆள் உயரத்துக்குமேல் போகக்கூடாது என்றானது. 2012-ல் குழந்தை மருத்துவர் சங்கம் இன்னும் தெளிவாகப் பேசியது: சியர்லீடிங்கை விளையாட்டு என்று அங்கீகரியுங்கள், அப்போதுதான் தகுதியுள்ள பயிற்சியாளர், மருத்துவப் பரிசோதனை, ஒழுங்கான தளம் எல்லாம் கிடைக்கும். மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தால், மருத்துவர் எழுதிக்கொடுக்கும்வரை தளத்தில் ஏறக்கூடாது என்றும் சொன்னது.

ஆல் ஸ்டாரின் நிலைப் படிகள் உண்மையில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடும்கூட. 2003-ல் யுஎஸ்ஏஎஸ்எஃப் என்ற கூட்டமைப்பு வந்து நாடு முழுவதற்கும் ஒரே விதிகளை வகுத்தபோது, நிலை 2 அணி நிலை 4-ன் சாகசத்தைச் செய்தால் புள்ளி குறையும் என்றானது. அதற்கு முன்பு ஒவ்வொரு போட்டி நிறுவனத்துக்கும் ஒரு விதி. 2004 ஏப்ரல் 24 அன்று ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்டில் முதல் ‘வேர்ல்ட்ஸ்’ உலகப் போட்டி நடந்தபோது வந்தவை 14 அணிகள். இன்று டஜன் கணக்கான நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான அணிகள் வருகின்றன. அங்கே போக ‘பிட்’ என்ற அழைப்பு வேண்டும். பருவத்தின் நடுவே சில போட்டிகளில் அது வழங்கப்படும். முழுச் செலவையும் ஏற்கும் அழைப்பும் உண்டு. சொந்தச் செலவில் வா என்கிற அழைப்பும் உண்டு. இரண்டாவது வகை கிடைத்த அன்று ஜிம்மில் ஆனந்தக் கண்ணீர் வழியும். மறுநாள் பெற்றோர் விமானக் கட்டணம் பார்ப்பார்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த வரலாறு முழுமையாகாது. பள்ளி அணி, இடம் கிடைத்தவர்களுக்குப் பெரும்பாலும் மலிவானது. ஜிம் எல்லோருக்கும் இடம் கொடுத்தது. அதற்கான விலையைக் குடும்பத்தின் தலையில் வைத்தது. மாதக் கட்டணம், சீருடை, நடன அமைப்பாளருக்கு, இசைக் கலவைக்கு, போட்டி நுழைவுக்கு, காலணிக்கு, தலையில் கட்டும் பெரிய ரிப்பனுக்கு. பயணமும் விடுதியும் சேர்த்து ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது ஒரு கார் தவணையைவிடப் பெரிய சுமை. கட்ட முடியாத குடும்பத்தின் பிள்ளையை நிறுத்தவும் மனம் வராது, சேர்த்துக்கொண்டால் வாடகை பாக்கி விழும். சிறு ஜிம் நடத்துபவர்கள் ஆண்டுதோறும் நிற்கும் இடம் இது. சிலர் பெற்றோருக்கு வரவேற்பு மேசையிலும் துப்புரவிலும் வேலை கொடுத்துக் கட்டணத்தைக் கழிக்கிறார்கள். சிலர் உள்ளூர்க் கடைகளை ஆதரவாளர்களாகப் பிடிக்கிறார்கள்.

பெற்றோர் சேர்ந்து ‘பூஸ்டர் கிளப்’ அமைத்து, சாக்லேட்டும் பரிசுத்தாளும் விற்று நிதி திரட்டுவது பழைய வழக்கம். அதிலும் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு குறுக்கே வந்தது. வர்ஜீனியாவில் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தின் பூஸ்டர் கிளப், யார் எவ்வளவு விற்றார்களோ அந்த லாபத்தை அவரவர் பிள்ளையின் கட்டணத்திலேயே வரவு வைத்தது. இது பொதுநலமல்ல, தனியார் ஆதாயம் என்று சொல்லி, 2013-ல் வரித் தீர்ப்பாயம் அதன் வரிவிலக்கைப் பறித்ததைச் சரியென்றது. அதே முறையில் கணக்கு வைத்திருந்த சியர் ஜிம் பெற்றோர்களும் திடுக்கிட்டார்கள். திரட்டும் நிதி எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகப் போகவேண்டும் என்பது நியாயமான சட்டம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடைவாசலில் நின்று விற்ற ஏழைத் தாய்க்கு அது கைக்கு எட்டியதைத் தட்டிவிட்டது என்பதும் உண்மை.

அந்தப் பணத்தில் ஜிம்மில் தங்கியது எவ்வளவு? பெரும்பகுதி அதைத் தாண்டிப் போயிற்று. ஹெர்கிமர் தொடங்கிய முகாம்-உடை-பொருள் என்ற மூன்று கண்ணிச் சங்கிலியோடு, ஜெஃப் வெப் பிறகு வளர்த்தெடுத்த வார்சிட்டி நிறுவனம் போட்டியையும் கோத்தது. 2004-ல் என்சிஏ-வே வார்சிட்டியிடம் வந்துசேர்ந்தது. குரு தொடங்கியது சீடர் கைக்குப் போயிற்று. 2015-ல் ஜாம் பிராண்ட்ஸ் என்ற பெரிய போட்டியாளரையும் வார்சிட்டி வாங்கியது. யுஎஸ்ஏஎஸ்எஃப் தொடங்க முதல் பணம் கொடுத்ததும் வார்சிட்டிதான். சீருடையின் கோடுகளுக்கும் வளைவுகளுக்கும் பதிப்புரிமை உண்டா என்ற வழக்கில் 2017 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஆறுக்கு இரண்டு என்று வார்சிட்டி பக்கம் நின்றது. எதிர்த்தரப்பு ஸ்டார் அத்லெடிகா என்ற சிறிய சீருடை நிறுவனம். ஆடை வடிவமைப்பு படிப்பவர்கள் இன்றும் வாசிக்கும் தீர்ப்பு அது.

2020-ல் ஜிம் உரிமையாளர்கள் சிலர் பொறுமை இழந்தார்கள். ஃபியூஷன் எலீட் உள்ளிட்ட ஜிம்கள் மெம்ஃபிஸ் பகுதிக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வார்சிட்டி மீதும் யுஎஸ்ஏஎஸ்எஃப் மீதும் ஏகபோக எதிர்ப்பு வழக்குப் போட்டன. வார்சிட்டி போட்டிகளுக்கு வந்து வார்சிட்டி உடை வாங்கும் ஜிம்முக்குத் தள்ளுபடிப் பணம். வேறு நிறுவனப் போட்டிக்குப் போனால் அது குறையும். போட்டிக்கு வரும் அணிகள் நிறுவனம் சொல்லும் விடுதியில்தான் தங்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடமுடியாது. விதி வகுக்கும் அமைப்பிலும் அந்த நிறுவனத்தின் கையே ஓங்கி நிற்கிறது. இவைதான் குற்றச்சாட்டுகள். வார்சிட்டி தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 2023-ல் 4 கோடியே 35 லட்சம் டாலர் கொடுத்து அந்த வழக்கை முடித்தது. பெற்றோர் உள்ளிட்டோர் தொடர்ந்த இன்னொரு வழக்கு மறு ஆண்டு 8 கோடியே 25 லட்சம் டாலரில் தீர்ந்தது. அதே 2024-ல் கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனம் வார்சிட்டியை வாங்கியது. சமரசத்தில் வந்த தொகை ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிரியும்போது சிறியதுதான். ஆனாலும் தாங்கள் கட்டிய விடுதி வாடகையின் பின்னால் என்ன நடந்தது என்பதை நீதிமன்ற ஆவணங்களில் அவர்கள் முதன்முறையாகப் படித்தார்கள்.

பணத்தைவிட ஆழமான காயம் ஒன்று உண்டு. 2020 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘சியர்’ என்ற ஆவணத்தொடர் டெக்சஸின் நவாரோ கல்லூரி அணியை உலகறியச் செய்தது. அந்தத் தொடரில் எல்லோர் மனதையும் கவர்ந்த ஜெர்ரி ஹாரிஸ், அதே ஆண்டு செப்டம்பரில் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்காகக் கைதானார். 2022-ல் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். யுஎஸ்ஏ டுடே நாளிதழ் தோண்டியபோது, சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச்சாட்டுகளைச் சந்தித்த, சியர்லீடிங்கோடு தொடர்புடைய சுமார் 180 பேர் விளையாட்டின் தடைப் பட்டியலிலேயே இல்லை என்று தெரிந்தது. ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மருத்துவர் லேரி நாசரின் பாலியல் குற்றங்கள் வெளிவந்த பிறகு 2018-ல் வந்த பாதுகாப்புச் சட்டம் சிறாரோடு வேலை செய்யும் விளையாட்டுப் பெரியவர்களுக்குப் புகார் அளிக்கும் கடமையை விதித்திருந்தும் இந்த நிலை.

இதில் ஜிம்மின் அமைப்புக்கும் பங்கு உண்டு. தனிப் பயிற்சி ஜிம்முக்கு நல்ல வருமானம். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனித்திருக்கும் வேளையும் அதுவே. வெளியூர்ப் போட்டி என்றால் விடுதி. நள்ளிரவு வரை ஓடும் வாட்ஸாப் குழு. பதினேழு வயதில் ஆடியவர் பத்தொன்பதில் அதே ஜிம்மில் பயிற்சியாளர்; முந்தைய ஆண்டு அணித்தோழர்களே இப்போது அவருக்கு மாணவர்கள். இப்போதைய விதிகள் இந்த ஒவ்வொரு ஓட்டையையும் குறிவைக்கின்றன. பின்னணிச் சோதனை முடியாதவர் தளத்தில் நிற்கக்கூடாது. பிள்ளையோடு எந்தப் பயிற்சியும் இன்னொருவர் பார்க்கக்கூடிய, இடையில் நுழையக்கூடிய இடத்தில்தான் நடக்க வேண்டும். குறுஞ்செய்தியில் பெற்றோரையும் சேர்க்க வேண்டும். பெற்றோரை உள்ளே விடாமல் பயிற்சி நடத்துவதைப் பெருமையாக நினைத்த ஜிம்கள் இருந்தன. இன்று பார்வையாளர் கண்ணாடி இல்லாத ஜிம்மில் பிள்ளையைச் சேர்க்க எந்தப் பெற்றோரும் யோசிக்க வேண்டும்.

உடல் எடை பற்றிய பேச்சும் மெல்லத்தான் மாறிவருகிறது. 2012-ல் கல்லூரி சியர்லீடர்களிடம் நடந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உணவுக் கோளாறுக்கான அபாயத்தில் இருப்பதாகவும், வயிறு தெரியும் சீருடை அந்தக் கவலையைக் கூட்டுவதாகவும் காட்டியது. ‘ஃபிளையர் லேசாக இருக்க வேண்டும்’ என்று பத்து வயதுக் குழந்தையிடம் சொல்லாமல், இடுப்பை இறுக்கி நிற்கக் கற்றுக்கொடுத்தாலே தூக்குபவர்களுக்குப் பாரம் குறையும் என்று தெரிந்த பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் வளரும் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

பதினெட்டு வயதாகி ஜிம்மை விட்டுக் கல்லூரிக்குப் போனால் என்ன? நெடுங்காலம் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. கனெடிகட் மாநிலத்தின் குவினிபியாக் பல்கலைக்கழகம் பெண்கள் கைப்பந்து அணியைக் கலைத்துவிட்டு, போட்டிச் சியர்லீடிங்கைப் பெண்கள் விளையாட்டாகக் கணக்கில் காட்டப் பார்த்தது. 2010-ல் நீதிபதி ஸ்டீஃபன் அண்டர்ஹில், டைட்டில் நைன் சட்டத்தின் கண்ணில் அது இன்னும் விளையாட்டு ஆகவில்லை என்றார்; 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஜிம்களில் பத்தாண்டு உழைத்த பிள்ளைகளுக்கு அது வலித்தது. ஆனால் நீதிபதி சுட்டிய குறைகள், அதாவது ஒழுங்கான பருவம், ஒரே விதி, ஆள் சேர்ப்பு முறை போன்றவை, திருத்தக்கூடியவை. அவற்றை நிறைவுசெய்யும் வகையில் ‘அக்ரோபாட்டிக்ஸ் அண்ட் டம்பிளிங்’, ‘ஸ்டன்ட்’ என்று இரண்டு கல்லூரி விளையாட்டுகள் வடிவெடுத்தன. முன்னதை 2020-லும் பின்னதை 2023-லும் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ வளரும் பெண்கள் விளையாட்டுகளின் பட்டியலில் சேர்த்தது. உலக அளவில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2021 ஜூலையில் சியர்லீடிங்குக்கு முழு அங்கீகாரம் தந்தது.

அக்ரோபாட்டிக்ஸ் அண்ட் டம்பிளிங்கில் டெக்சஸின் பெய்லர் பல்கலைக்கழகம் 2015 முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் தேசியப் பட்டம் வென்றது. அதன் பயிற்சியாளர் ஃபெலீஷியா மல்கி அதற்கு முன் ஆரிகன் பல்கலைக்கழகத்தை வெல்லவைத்தவர். இந்த அணிகளுக்கு வருபவர்களில் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளும் உண்டு, ஆல் ஸ்டார் ஜிம்களில் வளர்ந்தவர்களும் உண்டு. ஆள் எடுக்கும்போது கரணமடிக்கும் டம்ப்ளர், மேலே நிற்கும் டாப் என்பதோடு பேஸ் என்றே தனியாகவும் இடம் ஒதுக்குகிறார்கள். தோள்வலிமையும் கால்வலிமையும் உள்ள பெண்ணுக்கு, இன்னொருத்தியைத் தாங்கிப் பிடிக்கும் அந்தத் திறமைக்காகவே கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை கிடைக்கிறது.